அலைடு என்றால் என்ன?

ஊரிலேயே இங்கிலீஷ் அகராதி மாசிலாமணி வாத்தியார் வீட்டுப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. கருப்பட்டி வியாபாரி ஏசுவடியான் அவர் மகள் நேசபாயியைப் பெண் கேட்டு வரப்போவது தெரிந்ததும், முகத்தில் அடித்தாற்போல் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடினமான சொல் ஒன்றைக் கேட்டு அவனை முழிக்க வைத்து அனுப்பிவிடலாம் என்று, இரண்டு நாள் முன்பே அகராதியில் ஒன்றைத் தேடிக் கோடு போட்டு வைத்தார்.

"அலைடு. இதுக்குப் பொருள் சொல்லும், பெண்ணைத் தாறேன்."

"கூட்டுச் சேர்ந்ததுன்னு பொருள், சாரே," என்றான் ஏசுவடியான் தயங்காமல்.

வாத்தியார் அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"எங்கேருந்து வந்த சொல்லு?"

"லத்தீன்லேருந்து. மூலத்துல சேர்த்துக் கட்டுகதுன்னு அர்த்தம்."

"எதுக்கெல்லாம் சொல்லலாம்?"

"செர்மன் சண்டையில ஒரே பக்கம் நிண்ண ராஜ்ஜியங்களுக்குச் சொல்லலாம். கலியாணத்தால ஒண்ணான குடும்பங்களுக்கும் சொல்லலாம்."

"வேற?" வாத்தியார் விடவில்லை.

ஏசுவடியான் தலையைச் சொறிந்தான்.

"அதுக்குக் கீழ செல்லரிச்சுப் போச்சு, சாரே."

வாத்தியார் அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்:

"ஏட்டி நேசபாயி, அகராதிப் பெட்டிச் சாவிய இஞ்ச கொண்டா! அலைடுக்கு நல்ல உதாரணம் வீட்டுக்குள்ளயே கிட்டியாச்சு!"