கருவி காட்டிய ஆள்

சரிந்து இறங்கிய பனி, மொன்டானா மலைப் பள்ளத்தில் இடிந்த சுவராகக் கிடக்கிறது. அடியில் எங்கோ கிளைட். புதைந்தால் கண்டுபிடிக்க அவன் மார்பில் கட்டிய கருவி அனுப்பும் சமிக்ஞையை, தேடலுக்கு மாற்றிய தன் கருவியில் பிடித்தபடி மனைவி மர்லா ஓடுகிறாள். திரையில் தூரம் குறைகிறது: பத்து மீட்டர், ஆறு, இரண்டு. பீப் ஒலி காதைத் துளைக்கிறது. நிமிர்ந்தால், எதிரே கொழுந்தன் வேட். "நேத்து இந்தச் சரிவுல போனவங்க தடமே இருக்கு அண்ணி, பனி சரியாது, சும்மா பயந்து சாகாதீங்க" என்று காலையில் சிரித்தவன், இப்போது குருட்டாம்போக்கில் பனியை வாரிக்கொண்டிருக்கிறான். அவன் மார்பிலும் கருவியின் விளக்கு மினுக்குகிறது. "பாவி, உன்னோடத தேடுறதுக்கு மாத்தவே இல்லையா? அது இன்னும் சிக்னல் அனுப்பிட்டே இருக்கு! இவ்வளவு நேரம் உன்னையாடா தேடிட்டு வந்தேன்?" வேட் கையுறையைப் பல்லால் இழுத்தெறிந்து குமிழைத் திருகுகிறான். மர்லாவின் கருவி ஊமையாகிறது. பிறகு மெலிதாக ஒரு பீப். நாற்பது மீட்டர். திரையின் அம்பு, அவள் மிதித்து ஓடிவந்த வழியையே திரும்பிக் காட்டுகிறது.