ஆளுக்கொரு சொல்

நேர்காணல் அறைக்குள் நான்கு பேரும் வரிசை குலையாமல் நுழைந்தார்கள்.

முன்னால் எழுவாய். அடுத்து வினைச்சொல். அதன் பின்னால் சுட்டுச்சொல். கடைசியில் செயப்படுபொருள்.

வினைச்சொல்லுக்குக் கால் வலித்தது.

எட்டு வருஷமாக நாத்தனாரின் சலவைக்கடையில் நின்றபடியே துணி தேய்த்த கால். சாயங்காலமானால் கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிடும். 'உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. முதல் பாதியை அவள் நான்கு தடவை வாசித்தாள்.

இரண்டாம் பாதிக்காகத்தான் பேராசிரியரிடம் சேர்ந்தாள்.

வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றாதவர் அவர். ஒரே ஆள் முழு ஆங்கிலத்தையும் கற்க ஆசைப்படுவதால்தான் எல்லோருக்கும் அரைகுறையாக வருகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவர் வகுப்பில் ஆளுக்கொரு சொல்தான். அதையே ஆறு மாதம், துலக்கிய பாத்திரம் மாதிரி பளபளக்கும்வரை சொல்ல வேண்டும்.

எலக்ட்ரீசியனுக்கு 'ஐ' கிடைத்தது. நான் என்று அர்த்தம். எழுவாய் இல்லாமல் வாக்கியமே கிளம்பாது என்று பேராசிரியர் சொன்ன அன்றே அவன் நடை மாறிவிட்டது. வகுப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே அவன் இடம்.

ரொட்டிக்கடைக்காரருக்கு 'ஜாப்'. அவர் மச்சானுக்கு 'திஸ்'. விரல் நீட்டி நீட்டி மச்சானுக்குத் தோள்பட்டை பிசகியது.

அவளுக்கு 'நீட்'. தேவை என்று அர்த்தம். அதற்கு அவள் ஆறு மாதம் பயிற்சி எடுத்திருக்கவே வேண்டாம்.

"அக்கா, நீங்க வெறும் நீட்டுதான். யாருக்கு நீட்டு? எனக்கு! நான் வாயத் தொறக்கலன்னா நீங்க மூணு பேரும் ஊமை," என்று படியேறும்போதுகூட எலக்ட்ரீசியன் சொல்லிக்காட்டினான்.

நாத்தனாரிடம் எட்டு வருஷம் வாங்கிப் பழகிய காது. இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டாள்.

இருப்பதோ ஒரே வேலை. கிடைத்தால் நான்கு பேரில் யாருக்கு? பேராசிரியர் அதைப் பாடத்தில் வைக்கவில்லை.

அறைக் கதவில் பலகை: 'உள்ளே ஆங்கிலம் மட்டும்.'

மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். இரண்டில் கோட்டு போட்ட அதிகாரிகள். மூன்றாவது காலி.

"ஐ," என்றான் எலக்ட்ரீசியன், நெஞ்சை நிமிர்த்தி.

"நீட்," என்றாள் அவள். கணுக்கால் மொத்தமும் அந்தச் சொல்லில் இருந்தது.

"திஸ்."

"ஜாப்."

ஒரு பிசிறு இல்லை. அதிகாரிகளின் முகம் மலர்ந்தது.

முதல் அதிகாரி தொண்டையைச் செருமினார். "யூ," என்றார்.

இரண்டாமவர் இடைவெளி விடாமல் "ஆர்" என்றார்.

பிறகு இருவரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு கட்டம் நகர்ந்தது.

தண்ணீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் மனசு கேட்காமல் அவள் காதோரம் குனிந்தார். "அந்த நாற்காலிக்குத்தாம்மா ஆள் எடுக்கறாங்க. மூணு வருஷமா எடுக்கறாங்க. முடிவச் சொல்ற சொல்லு அந்த நாற்காலியோடது. அதான் யாருக்கும் முடிவு சொல்ல முடியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரிகளின் தலைக்கு மேலே சுவரில் ஒரு குழுப்படம். அதே இரண்டு பேர், இளவயதில். நடுவில் கோட்டோடு பேராசிரியர்.

எலக்ட்ரீசியன் மறுபடியும் "ஐ" என்று ஆரம்பித்தான்.

இந்த முறை அவள் தொடரவில்லை. வரிசையை விட்டு விலகி, மேசையைச் சுற்றிப் போய், மூன்றாவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

எட்டு வருஷத்து மூச்சு ஒன்று வெளியே வந்தது.

யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற சொல் அந்த அறையில் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

அதிகாரிகள் நிம்மதியோடு எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பினார்கள்.

"யூ."

"ஆர்."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவளிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று.

"நீட்," என்றாள்.

முதல் அதிகாரி கோப்பில் முத்திரை குத்தினார். இரண்டாமவர் அதை மூடி வைத்தார்.

வேலை கிடைத்ததா, போயிற்றா? எலக்ட்ரீசியனுக்கு விளங்கவில்லை. ஆறு மாதமாக நிமிர்ந்தே இருந்த நெஞ்சை ஒரு விரலால் மெல்லத் தொட்டான்.

"ஐ?" என்றான்.