நீல டப்பா தலைவியான கதை

ஒரு பள்ளிக்கூட அலமாரியில் டிபன் பாக்ஸ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. எல்லா ஊர்ச் சாப்பாட்டுக்கும் சம மரியாதை. கொள்கை என்னவோ பெரிசுதான். அதற்கு வெளியூர்க்காரர் ஒருவராவது வேண்டாமா? மணிப்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த நீல டப்பாவைப் பிடித்துத் தலைவியாக்கின.

அதுவரை ஓரத்தில் தனியாகக் கிடந்த நீலத்துக்குத் தலைகால் புரியவில்லை. தொடக்க விழாவுக்குப் புளிக்கவைத்த மூங்கில் குருத்துக் குழம்போடு வந்தது. யாராவது ஒரு வாய் ருசி பார்க்கமாட்டார்களா என்று அதற்கு ஆசை.

"நடுவுல உட்காரும்மா, தலைவி," என்றது எவர்சில்வர் அடுக்கு. "மூடியை மட்டும் திறந்துடாதே. நாத்தம் தாங்காது."

எல்லாம் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டன. மணி அடித்ததும் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவுக்கு டப்பா மாறின. நீலம் வந்த கனத்தோடே வீடு திரும்பியது.

மறுநாள் அது தயிர்சாதம் கொண்டுவந்தது. தானே மூடியைத் திறந்து, "இதுல வாசனையே வராது. எடுத்துக்கோங்க," என்றது.

அடுக்கு எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "தயிர்சாதமா? அதுதான் எங்ககிட்டயே இருக்கே! அப்புறம் நீ எதுக்குடி தலைவி?"

சங்கம் வேறு தலைவியைத் தேடக் கிளம்பிவிட்டது. நீலம் பழைய ஓரத்துக்கே போய் உட்கார்ந்தது, மூடியைத் திறந்தபடியே.