முன் இருக்கையின் எடை

மழைக்காலம் ஓய்ந்து வெயில் மெல்லத் தலைகாட்டிய ஒரு காலை, ஒன்பது மணி. பட்டறையின் இரும்புக் கதவு உயர்வதற்கு முன்பே, அந்தப் பழைய நீலக் காரும் அதன் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற நில அளவையாளரும் அவர் மனைவியும் வாசலில் நின்றிருந்தனர். மெக்கானிக், அந்த அம்மாளின் தம்பி.

"மச்சான், இந்த விளக்கைப் பாரு. பக்கத்து சீட்டு ஏர்பேக் வேலை செய்யாதுன்னு எரியுது. நான் அங்க உட்கார்ந்தா அணையுது. உங்க அக்கா உட்கார்ந்தா எரியுது."

"உங்களைக் கண்டா அதுக்கும் பயம் போல, அத்தான்," என்றபடி மெக்கானிக் வண்டியின் பழுதைத் திரையில் காட்டும் ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார்.

அக்காள் முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். திரையைப் படித்த மெக்கானிக் அவரை இறங்கச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார்.

"என்ன சொல்லுது?" என்றார் அளவையாளர்.

"சீட்டுல குழந்தை இருக்குன்னு சொல்லுது. ஏர்பேக் விரிஞ்சா குழந்தைக்கு அடிபடும். அதனால ஏர்பேக் தன்னை அணைச்சுக்கிட்டு விளக்கைப் போடுது."

"இந்த வயசுல என்னைக் குழந்தைன்னு சொல்ல இது ஒண்ணாவது இருக்கே," என்று அக்காள் சிரித்தார்.

அளவையாளரின் குரல் இளகியது. "வாங்கின புதுசுல இவ இந்த சீட்டை விட்டு இறங்கவே மாட்டா. கடைக்குப் போகணும்னாலும் ஊரை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போகணும். நீ பின்னால உட்கார்ந்து, கதவுல என்ன சத்தம்னு காதை வெச்சுக் கேட்டுட்டிருப்ப."

"அதுக்கும் முன்னால, என்னை இடுப்புல வெச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் வரைக்கும் நடப்பா. இறக்கிவிட்டா அழுவேன்." மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, ரொம்ப இளைச்சுட்டியே. டாக்டரைப் பார்த்தியா?"

பதில் அளவையாளரிடமிருந்து வந்தது. "வயசானா இளைக்கத்தான் செய்யும். டாக்டர்கிட்ட போனா ஒண்ணுமில்லாததுக்கு ஒன்பது டெஸ்ட் எழுதுவான். நீ வண்டியைப் பாரு."

மெக்கானிக் ஸ்கேனரை உருவினார். "சீட்டு சென்சார் போச்சு, அத்தான். வெளியிலேர்ந்து வரவழைக்கணும். பணம் முழுசா முன்னாடியே கட்டணும்."

தொகை பெரிதுதான். ஆனால் வண்டிக்கு என்றால் அளவையாளர் மறுத்ததே இல்லை. அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார்.

சென்சார் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "வந்துட்டே இருக்கு" என்ற பதில் மட்டும் வந்தது. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள், அக்காள் ஏறி அமர்ந்தும் விளக்கு எரியவில்லை. அளவையாளர் வண்டியை நேரே பட்டறைக்கு விட்டார்.

"சென்சாரே வரலை, விளக்கு தானா அணைஞ்சுருச்சு. என் பணத்தை எடு."

"செலவாயிருச்சு, அத்தான்."

"சொந்த அக்கா வீட்டுலயே கையை வெச்சுட்டியா? முன்பின் தெரியாதவன்கிட்ட போயிருந்தாக்கூட இப்படி ஏமாந்திருக்க மாட்டேன்."

"அவனைத் திட்டாதீங்க," என்றார் அக்காள். "தம்பி வாங்கித் தந்த சத்து மாத்திரைன்னு உங்ககிட்ட சொன்னேனே, அது சத்து மாத்திரை இல்லை."

மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "பாருங்க, இப்ப பெரிய ஆளுன்னு காட்டுது. அன்னைக்கும் சென்சார்ல ஒரு பழுதும் இல்லை, அத்தான். உட்கார்ந்திருந்தவ எடைதான் குழந்தை எடை. தைராய்டு அவளைக் கரைச்சுட்டிருந்துச்சு. டாக்டருக்குன்னு கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. அதான் வண்டிக்குன்னு கேட்டேன்."

அளவையாளர் மறுபக்கம் சென்று கதவைத் திறந்து, மனைவியின் பெல்ட்டைத் தாமே மாட்டிவிட்டார்.

சென்சாருக்கென்று அவர் கொடுத்த பணம் பரிசோதனைகளுக்கும் இரண்டு மாத மருந்துக்கும் போயிருந்தது. குறைந்ததை மெக்கானிக் போட்டிருந்தார். மூன்றாம் மாத மருந்துக்கு, அன்று வீடு திரும்பும் வழியிலேயே, யாரும் கேட்பதற்கு முன் அளவையாளர் பணம் கட்டினார்.