இரண்டு வாழைக்குலை

"என்ரை தோட்டத்திலை ரண்டு வாழைக்குலை வெட்டினவன் உவன்தான் ஐயா!" என்று நீதவானிடம் அடித்துச் சொன்னாள் நீர்வேலி ஞானாம்பிகை.

கூண்டில் நின்ற பெடியனும், "ஓம் ஐயா" என்று ஒப்புக்கொண்டான்.

"வாழைக்குலைதானே அம்மா, எச்சரித்து விடட்டுமா?" என்றார் நீதவான்.

"சரிவராது ஐயா. மறியலிலை போடுங்கோ."

ஆறு மாதச் சிறை கிடைத்தது.

வெளியே கறுப்புக் கோட்டுப் போட்ட அப்புக்காத்து ஒருவர் கேட்டார்: "ரண்டு குலைக்கு உவ்வளவு கோபமோ அம்மா?"

ஞானாம்பிகை குரலைத் தாழ்த்தினாள்.

"கோபமோ? போன கிழமை எங்கடை ஒழுங்கையிலை ஆமி பதினொரு பெடியளைப் பயங்கரவாதச் சட்டத்திலை பிடிச்சுக்கொண்டு போச்சுது. எப்ப விடுவினமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். கள்ளனெண்டால் விடுற திகதியை அரசாங்கமே எழுதித் தருது."

தீர்ப்புத் துண்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

"என்ரை மகனுக்கு ஆவணி பதினாலு."