இரண்டு வரி மன்னிப்பு

"இரண்டே வரி. மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்," என்றார் வெள்ளைக்கார நீதிபதி.

வக்கீல் துள்ளி எழுந்தார். "நான் எழுதித் தர்றேன், அவர் கையெழுத்துப் போடட்டும்."

"கூடாது. தலையங்கம் எழுதின கைதான் இதையும் எழுதணும்."

கூண்டில் நின்ற பத்திரிகை ஆசிரியர் பேனாவை வாங்கினார். கூட்டத்தில் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்தார். அவளுக்கு ஏழு மாதம். 'எழுதிடுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐந்து வருடம் கடுங்காவல்.

மாப்பிள்ளை ஆசிரியர் என்றுதான் அப்பா அவளைக் கட்டிக்கொடுத்தார். தினமும் தலையங்கத்தை அவளையே படிக்கச் சொல்வார் கணவர். "உன் வாயால கேட்டாத்தான் ருசிக்குது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

சிறையில் கம்பிக்கு இருபுறமும் நின்றார்கள்.

"ஊரே உங்களைத் தலையில வெச்சு ஆடுது. நான் பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? மாசம் ஒரு கடுதாசியாவது எழுதுங்க."

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்."

அவள் விழித்தாள்.

"நான் அச்சாபீஸ்ல மெஷின் சுத்துறவன். எழுதறதெல்லாம் முதலாளி. கேஸு வந்தா ஜெயிலுக்குப் போக ஒரு ஆள் வேணும்னு என்னை ஆசிரியராப் போட்டாங்க."

"அட பாவி மனுஷா! எழுதத் தெரியாதுன்னு கோர்ட்டிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

அவர் கம்பியைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ எதிர்ல நின்னுக்கிட்டிருந்தியே."