மேல் வீட்டுத் தண்ணீர்

கூலன்ட் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தபோதுதான் தெரிந்தது, அதை அப்படியே ஊற்றக் கூடாதாம். பாதிக்குப் பாதி சுத்தமான தண்ணீர் கலக்க வேண்டுமாம்.

காலையிலிருந்து காரின் ரேடியேட்டரைக் கழுவிக் கழுவி என் முதுகு ஒடிந்திருந்தது. முதலில் டிகாக்ஷன் நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. இப்போதுதான் தெளிந்திருந்தது. விரிசல் விட்ட ஹோஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசும் மாட்டியாகிவிட்டது. இனி ஊற்றி மூட வேண்டியதுதான் என்றிருந்த நேரத்தில் இந்தப் பொடி எழுத்து.

குழாய்த் தண்ணீரைக் கலக்கலாம்தான். ஆனால் எங்கள் டெல்லி ஜனக்புரியின் போர்வெல் தண்ணீரை இத்தனை வருஷம் ஊற்றித்தான் வண்டிக்கு இந்தக் கதி. பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிற தண்ணீர் அது.

மேலே பார்த்து என் மனைவி கோமளாவைக் கூப்பிட்டேன். முதல் மாடி பால்கனியில் தலை தெரிந்தது. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் தண்ணீர் தீர்ந்துவிட்டது, கடைக்கும் இன்று வார விடுமுறை, பேசாமல் டாக்ஸி சொல்லிவிடலாமே என்றாள்.

டாக்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"டாக்ஸி கீக்ஸின்னு பேசாதே! ஜெய்ப்பூர் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டுப் போவேன். இனிமே எம்பொண்ணை நான் எங்க கூட்டிட்டுப் போகப்போறேன், சொல்லு! நாலு லிட்டர் நல்ல தண்ணிக்கு வழியில்ல இந்த ஊர்ல!"

தெருவே கேட்கிற மாதிரிதான் கத்தினேன். எங்கள் பிளாக்கில் அது ஒரு சௌகரியம். தமிழில் எதை வேண்டுமானாலும் கத்தலாம். ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் மகள் இளவரசி தன் சிநேகிதிகளோடு பின்சீட்டில் இருந்தபோது, மேம்பாலத்து நடுவில் வண்டி கொதித்து ஆவியைக் கக்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, ஜெய்ப்பூர் ஹாஸ்டலுக்கு டாக்ஸியில் போகலாம்பா என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மெதுவான குரல்தான் என்னைக் கொன்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த வண்டியில்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கும் நான்தான் விட வேண்டும்.

பானெட் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் போயிருக்கும். கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடி சேஷுவின் ஏசிக் குழாய்.

அடப்பாவி, இன்றைக்கா?

இந்தக் குழாய் சொட்டிச் சொட்டி என் பானெட்டில் பெயின்ட் போனதற்குத்தான் இரண்டு கோடைக்கு முன்னால் எங்களுக்குச் சண்டை. பிளாக்கிலேயே தமிழ் வீடு இரண்டே இரண்டு. சண்டையை இந்தியில் போட்டோம். தமிழில் போட்டிருந்தால் அன்று சாயங்காலமே சமாதானமாகியிருப்போம். நான் சொசைட்டியில் புகார் கொடுத்தேன். அதற்கப்புறம் சொட்டு நின்றுவிட்டது. மனுஷன் பயந்துவிட்டார் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். படியில் எதிர்ப்பட்டால் இருவரும் அவரவர் போனைப் பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

ஏசித் தண்ணீரில் உப்புக் கிடையாது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஓடிப்போய்க் கேனைக் கொண்டுவந்து குழாய்க்கு நேரே வைத்தேன்.

எதிரி வீட்டுத் தண்ணீர். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். ஜூலைப் புழுக்கத்துக்கு அது சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து நூலாக இறங்கியது. மேலே சேஷு தும்முவது கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. நன்றாக அனுபவிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அற்ப சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

கேன் நிறைந்ததும் கலந்து ஊற்றினேன். மீதித் தண்ணீரோடு கேனை மறுபடி குழாய்க்கடியில் வைத்தேன், வழிக்கு இருக்கட்டுமே. வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே மாட்டிய காற்று வெளியேற ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். குமிழிகள் அடங்கின. ஃபேன் தானாகச் சுற்றித் தானாக நின்றது. சூட்டைக் காட்டும் முள் நடுவில் போய் உட்கார்ந்தது. எத்தனை நேரம் பார்த்தும் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியம்தான்.

இளவரசி இறங்கி வந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தாள். நாளைக்கு முன்சீட் தனக்கு, அம்மா பின்னால் உட்காரட்டும் என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக மேலே சேஷு வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மஞ்சு ஆன்ட்டி கேக்கச் சொன்னாங்கப்பா, தண்ணி போதுமான்னு. சைனஸ் ஆபரேஷனுக்கு அப்புறம் சேஷு அங்கிள் ஏசியே போடறதில்லையாம். இன்னைக்கு ஏசியைப் போட்டுட்டு ஸ்வெட்டரோட உக்காந்திருக்காராம். பந்த் பண்ணலாமா, ஜல்தி சொல்லு."

கேன் இரண்டாவது தடவையும் நிறைந்து தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

நான் இரண்டாவது மாடியைப் பார்த்துக் கத்தினேன், தமிழில்.

"போதும் சார்! அணைச்சிடுங்க!"

பதிலுக்கு ஒரு தும்மல்தான் வந்தது.